ராகு காலத்தில் பூசிய பிசின்

என் படகின் இரண்டு பக்கங்களுக்கும் மரம் ஒன்றுதான், துணி ஒன்றுதான், ரெசின் என்கிற பிசினும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்ததுதான். ஆனாலும் கண்ணைக் கட்டிவிட்டுத் தடவச் சொன்னால், கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவேன். இடப்பக்கம் வழுவழுவென்று கை ஓடும். வலப்பக்கத்தில், வார்னிஷுக்கு அடியில், அம்மை போட்டு ஆறிய கன்னத்தைப் போல மெல்லிய குழிகள் விரலில் தட்டும். ஒரு வார இடைவெளியில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரே ஆள் செய்த வேலை இது. வலப்பக்கத்தை நாள்காட்டி பார்த்து நல்ல நேரத்தில் தொடங்கினேன். இடப்பக்கத்தின் பெரும்பகுதியைப் பூசியது ராகு காலத்தில். இந்த முரண் ஓராண்டாக மனத்தில் கிடந்து உறுத்துவதால் எழுதி வைக்கிறேன்.

படகு கட்டிய கதை முழுவதையும் சொல்லப்போவதில்லை. 14 அடி நீளம், இரண்டு பேர் உட்காரலாம், துடுப்புப் போடும் வகை. பிளைவுட் பலகைகளை வரைபடத்தின்படி அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, தையலின் உட்புறத்தில் பிசின் கலவையை அப்பி இறுகவிடும் முறையில் கட்டினேன். இங்கிலாந்தில் 1963-இல் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு இந்த முறையைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுபோனது. தச்சு தெரியாதவர்களும் தம் வீட்டிலேயே கட்டலாம் என்ற எண்ணத்தோடு பாரி பக்னெலும் ஜாக் ஹோல்ட்டும் வடிவமைத்த அந்தப் படகு இதுவரை 70,000-க்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில் 1980-களிலேயே பிளைவுட் பலகைகளைத் தைத்து ஒட்டி மீன்பிடிப் படகுகள் கட்டினார்கள். அதற்கும் வெகு காலம் முன்பு, மதராசில் துறைமுகம் எழும்புவதற்கு முன், கப்பல்களிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் அலை கடத்திக் கரை சேர்த்த மசூலாப் படகுகள் ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்தவை. ஆகையால் படகைத் தைப்பது என்பது இந்தக் கரைக்குப் புதிய செய்தி இல்லை. புதியது, தைத்த பிறகு அதன்மேல் போர்த்தும், கண்ணாடி இழையால் ஆன துணியும் பிசினும்தான்.

அந்தத் துணி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிளைவுட் தண்ணீரில் ஊறினால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி நடந்தால் மேலே அடித்த பெயின்ட் மயிரிழை அளவுக்கு வெடித்து, வெடிப்பின் வழியே இன்னும் தண்ணீர் இறங்கும். நான் எடுத்துக்கொண்ட எபாக்சி வகை ரெசின் அந்த வழியை அடைக்கிறது. துணி அந்த ரெசினைக் குறிப்பிட்ட கனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, படகு மணலிலும் கல்லிலும் உரசும்போது தேய்மானத்தைத் தாங்குகிறது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணியே என் அளவுப் படகுக்குத் தாராளம். விறைத்த துணி கூர்மையான மூலையில் மடங்காது, மடங்காத இடத்தில் காற்று புகும் என்பதால், பலகைகள் சந்திக்கும் விளிம்புகளை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்து விரல் நுனியைப் போல் உருட்டி வைத்தேன். இதுவரை ஒழுங்காகத்தான் போயிற்று.

மேட்டும் துணியும்

பொருள் வாங்கப்போனதிலேயே முதல் பாடம். படகுக்கு என்றதும் கடைக்காரர் எடுத்துப் போட்டது நெய்யாத மேட்; வெள்ளை நார்களை வெட்டித் தூவி அழுத்திய விரிப்பு. கரையில் நிற்கும் பைபர் போட்டுகள் எல்லாம் அந்த மேட்டாலும் பாலியெஸ்டர் ரெசினாலும் ஆனவைதாம், கடைக்காரர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. ஒரு துண்டை எபாக்சியில் நனைத்துப் பார்த்தபோது, வெந்தும் வேகாத அப்பளம் போல விறைத்துக்கொண்டு நின்றது, எந்த வளைவிலும் படியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு கடை தேடி நெய்த துணியை ஒரு மீட்டர் அகலத்தில் வாங்கிவந்தேன். அகலம் அவ்வளவுதான் என்பதால் ஒரே விரிப்பாக முழுப் படகையும் போர்த்த முடியாது. பக்கத்துக்கு ஒரு துண்டாகப் போட்டு, அடிப்பகுதியின் நடுவில் ஏரா, அதாவது படகின் முதுகெலும்பு, ஓடும் கோட்டின்மேல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிட வேண்டும். இரண்டு பக்கங்களும் இரண்டு நாள் வேலையாகப் பிரிந்தது இதனால்தான்.

கோவளத்தில் பைபர் போட்டுகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் இரண்டு மாலைகள் போய் நின்றேன். அவர் கை வேகத்தைப் பார்ப்பதே ஒரு பாடம். "ஊத்துறது வேலையே இல்ல சார், வழிக்கிறதுதான் வேலை" என்றார். அதை அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை. மாறாக, "குளிரா இருந்தா ஹார்ட்னரக் கொஞ்சம் கூட விட்டுக்குங்க" என்று அவர் சொன்ன இன்னொன்றைப் பத்திரமாக மனத்தில் குறித்துக்கொண்டேன். ஹார்ட்னர் என்பது ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் பொருள். பாலியெஸ்டருக்கு அது சரி. அங்கே சேர்ப்பது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் வினையைத் தூண்டிவிடும் பொருள், அதைக் கூட்டலாம் குறைக்கலாம். எபாக்சியில் ஹார்ட்னர் தூண்டுகோல் அன்று, பாதிக் கூட்டாளி. ரெசினின் மூலக்கூறுகளோடு கணக்காகக் கைகோத்து அதுவும் பிளாஸ்டிக்கின் பகுதியாகிவிடுகிறது. கூட விட்டால் கோத்துக்கொள்ளக் கை இல்லாத மிச்சம் உள்ளேயே தங்கி, என்றைக்கும் முழுதாக இறுகாத பிசுபிசுப்பாக நின்றுவிடும். எனக்குக் கிடைத்த ரெசினுக்கு எடையில் 100-க்கு 10. டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்ததால் பிழைத்தேன். ஆலோசனையில் எதை எடுப்பது எதை விடுவது என்ற என் தேர்வு தலைகீழாக இருந்தது.

முதல் ஞாயிறு

பிப்ரவரி மாதம். அம்மா நாள்காட்டித் தாளைப் பார்த்துக் காலை 7.45 முதல் 8.45 வரை நல்ல நேரம் என்று சொன்னார். எனக்கும் அது வசதியாகப் பட்டது. வெயில் ஏறும் முன்பு வேலை, காலைக் குளிர்ச்சியில் ரெசின் அவசரப்படாது, முழு நாளும் கையில் இருக்கும். படகு, கார் நிறுத்தும் தகரக் கொட்டகையில், கவிழ்த்த நிலையில் இரண்டு முக்காலிகளின்மேல் இருந்தது. வலப்பக்கம் கிழக்கைப் பார்த்தது. துணியை விரித்து, சுருக்கங்களைப் பெயின்ட் பிரஷால் ஏராவிலிருந்து கீழ்நோக்கி நீவி, ஓரங்களை ஒட்டுநாடாவால் நிறுத்தி, 8 மணிக்கு முதல் கலவையைக் கலந்தேன்.

ரெசின் துணியில் இறங்கும் கணத்தை எவ்வளவு விவரித்தாலும் போதாது. வெள்ளை வெளேரென்று கிடக்கும் துணிமேல் கலவையை ஊற்றித் தகட்டால் இழுக்க இழுக்க, இழுத்த பாதையில் வெண்மை கரைந்து, துணி இருந்த இடமே தெரியாமல், மரத்தின் வரிகள் ஈரத்தில் எழும்பி வரும். அந்த அழகுதான் என்னைக் கெடுத்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் மின்னுமே என்று ஊற்றினேன். ஒரு பக்கத்துத் துணி ஏறத்தாழ 450 கிராம். கையால் பூசும் வேலையில் துணியின் எடைக்குச் சமமான ரெசின், மரம் குடிப்பதற்கு இன்னும் கொஞ்சம், அவ்வளவே கணக்கு. நான் அன்று இறக்கியது ஒரு கிலோவுக்கு மேல். நடுவில், அடிக்கடி கலக்கும் தொல்லை வேண்டாம் என்று 300 கிராமை ஒரே பிளாஸ்டிக் குவளையில் கலந்து வைத்தேன். எபாக்சி இறுகும்போது சூடு விடும்; குவளையில் குவிந்து கிடந்தால் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை, சூடு வேகத்தைக் கூட்டும், வேகம் சூட்டைக் கூட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குவளையின் அடிப்பாகம் இளகிச் சாய, நெடியடிக்கும் புகை எழுந்தது. தூக்கி முற்றத்து மணலில் வைத்துவிட்டு, மீதியை அகலமான அலுமினியத் தட்டில் 150 கிராம் 150 கிராமாகக் கலந்து முடித்தேன். ஒன்பதரை மணிக்குப் பார்த்தபோது படகின் வலப்பக்கம் புதுக் காரைப் போல மின்னியது. கைபேசியில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பவும் செய்தேன்.

பத்து மணிக்கு, படகின் முன்முனையான அணியத்தின் அருகே முதல் குமிழ் கண்ணில் பட்டது. கடுகைவிடச் சிறியது. கட்டைவிரலால் அழுத்தினேன், போயிற்று. அதற்குள் பக்கத்தில் மூன்று. அவற்றை அழுத்தி நிமிர்வதற்குள் முதல் இடத்திலேயே மீண்டும் ஒன்று. பதினொரு மணிக்கு, சட்டியில் ஊற்றிய ஆப்பத்தின் நடுவில் கண் விடுமே, அதைப்போல வலப்பக்கம் முழுக்கக் கண் விட்டிருந்தது. கம்பித் தையலுக்காகப் போட்டுப் பின்பு அடைத்த துளைகளின் வரிசையிலும், இரண்டு பலகைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டிய இணைப்பிலும் அவை கூட்டம் கூட்டமாக வந்தன. சில இடங்களில் குமிழ்கள் சேர்ந்து துணியையே மரத்திலிருந்து தூக்கிவிட, வெள்ளித் தகடு போல் மினுங்கும் திட்டுகள் விழுந்தன. தகட்டால் இழுத்தால் அதற்குள் பாகுபதம் ஆகிவிட்ட ரெசினோடு துணியும் சேர்ந்து நகர்ந்தது. கையை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் கல்.

சுவரின் நிழல்

முதலில் பழி போட ஆள் தேடினேன். வேகமாகக் கலக்கியதில் காற்று புகுந்ததா, ரெசின் பழையதா, பலகையில் குறையா என்று மூன்று நாள் ஓடியது. கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேச எண்ணை அழுத்தியும் விட்டேன். நல்ல வேளையாக அவர் எடுக்கவில்லை. புதன்கிழமை இரவு, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோதுதான் ஒன்று தென்பட்டது. அணியத்திலிருந்து நடுப்பகுதி தாண்டும் வரை குமிழ்கள் நெருக்கமாக இருந்தன. பின்புறத்து மூன்றில் ஒரு பங்கில் அநேகமாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லை, கோடு கிழித்தது போல. ரெசின் குறையாக இருந்தால் அது ஏன் இப்படிக் கோடு பார்த்து நிற்க வேண்டும்? மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொட்டகையில் போய் நின்றேன். கிழக்கு வெயில் கூரைக்கு அடியில் சாய்ந்து நுழைந்து படகின்மேல் விழுந்தது. பின்புறத்தை மட்டும் கிணற்றடிச் சுவர் மறைத்தது. சுவரின் நிழல் விழுந்த இடம்தான் குமிழ்களின் எல்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இரண்டு மிச்சத் துண்டுகளை எடுத்தேன். ஒன்றை வீட்டுக்குள் நிழலில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, ரெசின் பூசி வெயிலுக்குக் கொண்டுவந்தேன். மற்றொன்றை வெயிலில் சூடேற்றி, ரெசின் பூசி நிழலுக்குக் கொண்டுபோனேன். முதல் துண்டு அரை மணியில் ஆப்பம் சுட்டது. இரண்டாவது துண்டில் ஒரு குமிழ்கூட இல்லை. பூசியதில் கொஞ்சத்தை மரம் உள்ளே இழுத்துக்கொண்டு மேற்பரப்பு சற்று மங்கியே இருந்தது.

காரணம் பள்ளிக்கூடத்து அறிவியல்தான். மரம் என்பது பாதி காற்று. நுண்ணிய குழாய்களில் அடைந்து கிடக்கும் காற்று. காலையில் 22, 23 டிகிரியில் இருந்த பலகை, வெயில் ஏறி 34 டிகிரிக்குப் போனால், உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு விரியும். விரிந்த காற்று எங்கே போகும்? உட்புறம் ஏற்கெனவே ரெசின் பூசி மூடியிருந்தேன். மிச்சமிருந்த ஒரே வாசல், நான் அப்போதுதான் ஈரப் பிசினால் மெழுகிக்கொண்டிருந்த வெளிப்புறம். மாலையில் நடப்பது இதற்கு நேர் எதிர்: பலகை குளிரக் குளிர உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியே இருக்கும் ரெசினை உள்ளே உறிஞ்சும். ஆக, வெப்பம் இறங்குமுகமாக இருக்கும் பொழுதில்தான் மரத்துக்கு ரெசின் பூச வேண்டும். "காலைக் குளிர்ச்சி நல்லது" என்று நான் நினைத்ததில் குளிர்ச்சி சரி, அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கத் தவறினேன்.

நாலேகால்

அடுத்த ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு இடப்பக்கம் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னதும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நாலரையிலேருந்து ஆறு ராகு காலம்டா. போன வாரம் நல்ல நேரத்துல ஆரம்பிச்சே இந்த லட்சணம்."

மரம் மூச்சு விடும் கதையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "நாலேகாலுக்குத் தொட்டு வச்சிடு. அப்புறம் முடிக்கிறது எப்ப முடிச்சா என்ன. ஆனா ஒண்ணு, நாலரை வரைக்கும் குளிகை. குளிகையில தொட்டது திரும்ப வரும்பாங்க. பரவாயில்லையா?" ஒரு படகோடு என் ஆசை தீர்ந்துவிடாது என்று எனக்கே தெரிந்திருந்ததால் பரவாயில்லை என்றேன்.

சரியாக 4.15-க்கு அணியத்தின் நுனியில் பிரஷால் ஒரு பொட்டு வைத்தேன். கொட்டகை பகல் முழுவதும் வெந்து, பலகை தொட்டால் சுடும் நிலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை தராசை நம்பி மட்டுமே வேலை. 150 கிராம் ரெசினுக்கு 15 கிராம் ஹார்ட்னர்; இதில் ஒரு கிராம் பிசகினாலே நூற்றுக்கு ஏழு பங்கு பிழை என்பதால், ஒரு கிராமுக்குக் கீழும் காட்டும் சிறு தராசு ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். முதலில் துணியில்லாமல் வெறும் மரத்துக்கே ஒரு மெல்லிய பூச்சு. மரம் தாகம் தீரக் குடித்துவிட்டால் பின்பு துணியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளாது. அது விரலில் ஒட்டியும் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் துணியைப் போர்த்தி, ஏராவின் நடுவில் ஆரம்பித்து இரு முனைகளையும் நோக்கி ஊற்றிப் பரப்பினேன்.

அதற்குப் பிறகுதான் கோவளத்துக்காரர் சொன்னதற்குப் பொருள் விளங்கியது. பட்டி பார்க்கும் பிளாஸ்டிக் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, ஓர் அழுத்தத்தில், ஒரே இழுப்பில் வழித்தேன். தகட்டின் முன்னால் பால் நுரை போன்ற வெளுத்த ரெசின் சுருண்டு வந்தது. துணிக்கு அடியில் சிக்கிய காற்றும், வேண்டாத மிச்சமும் அதில் இருந்தன. அதைப் பழைய டப்பாவில் வழித்துப் போட்டேன். போன வாரம் அதே ரெசின் வீணாகிறதே என்று மனம் கேட்காமல் அதையே திரும்பப் பூசியிருந்தேன். ரெசின் அதிகமானால் துணி அதன்மேல் மிதக்கும். மிதக்கும் துணி மரத்தோடு சேராது. வெள்ளையாகத் தெரிந்தால் ரெசின் போதவில்லை. மின்னினால் அதிகம். இரண்டுக்கும் நடுவில், ஒரு மங்கலான பதம் இருக்கிறது. துணியின் நூல் பின்னல் கோழித் தோல் போலச் சொரசொரப்பாகத் தெரியும், ஆனால் கீழே மரம் தெளிவாக இருக்கும். அந்தப் பதத்தைக் கண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். அழகாக இல்லையே என்று மனம் அரிக்கும். பின்னலின் பள்ளங்களை நிரப்புவது அடுத்தடுத்த பூச்சுகளின் வேலை, முதல் பூச்சின் வேலையன்று. 6.10-க்குத் தகட்டைக் கீழே வைத்தேன். மொத்தம் செலவானது 650 கிராம், வழித்துக் கொட்டியதையும் சேர்த்து.

ஒரு குமிழ் வரவில்லை. ஏழு மணி வரை கைவிளக்கோடு சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மாவும் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பனி

மாலைக்கும் ஒரு விலை உண்டு. சூடு இறங்கும்போது கடற்காற்றின் ஈரம் ஏறுகிறது. திங்கள்கிழமை காலை இடப்பக்கத்தைத் தொட்டால், சோப்புத் தண்ணீர் உலர்ந்த தரை போல ஒரு வழுக்கல். இறுகாமல் போய்விட்டதோ என்று ஒரு நொடி வயிறு கலங்கியது. ஹார்ட்னரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் விடும் படலம் அது. தண்ணீரில் கரையும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் ஒரு வாளி வெறும் தண்ணீரும் போதும், கழுவித் துடைத்தால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தால்தான் ஆபத்து. அந்தப் படலம் கீறல்களுக்குள் அரைபட்டுப் பதிந்து, அடுத்த பூச்சு ஒட்டாமல் உரியும். பின்னல் நிரம்ப மேலும் மூன்று பூச்சுகள் கொடுத்தேன், எல்லாமே மாலையில். ஒன்று இறுகி, நகம் பதியும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசிவிட்டால் இடையில் கழுவலும் தேய்த்தலும் தேவையில்லை என்பதால், கடைசி இரண்டை ஒரே நாளில், பின்னேரத்தில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக முடித்தேன். இந்த நாள்கள் முழுக்கக் கையுறை. எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வேலையைத் தொட முடியாது. தேய்க்கும் நாள்களில் முகமூடியும் உண்டு.

வலப்பக்கத்தை என்னால் இயன்றவரை திருத்தினேன். வெள்ளித் திட்டுகளைத் தேய்த்து எடுத்து, அங்கே துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஊசிக்கண் துளைகளை மரத்தூள் கலந்த ரெசினால் அடைத்தேன். எபாக்சி வெயிலில் வெளுத்துப் பொடியும் என்பதால் மேலே ஏதாவது ஒரு காப்பு வேண்டும். வெள்ளைப் பெயின்ட் அடி, சூடும் தங்காது, ஒட்டும் தெரியாது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மரத்தின் வரியை மறைக்க மனம் வராமல், வெயில் தாங்கும் வார்னிஷையே அடித்தேன். அதனால் இரண்டு பக்கங்களின் வேறுபாடும் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்படி நின்றுவிட்டது.

சென்ற மாதம் படகைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வலப்பக்கம், அணியத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, வார்னிஷுக்கு அடியில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்தேன். அடைத்ததாக நினைத்து விட்டுப்போன ஏதோ ஒரு கண் வழியாகத் தண்ணீர் மரத்தைத் தொட்டுவிட்டது. அழுக்காக இருக்கும் என்ற நப்பாசையில் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினேன். நேற்றுப் பார்த்தேன். கருமை வட்டத்தின் கோட்டைத் தாண்டி, மரத்தின் வரியோடு ஒரு நெல்லளவு நீண்டிருக்கிறது. பெயின்ட் அடித்திருந்தால் பலகை மெத்தென்று ஆகும்வரை தெரிந்திருக்காது. அந்த இடத்தைத் தேய்த்துத் திறந்து, மரம் நன்றாக உலர நாலைந்து வாரம் நிழலில் விட்டுவிட்டு, பிறகு உள்ளங்கை அளவுக்குப் புதுத் துணி போட வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "குளிகைன்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார். குளிகையில் தொட்டது இடப்பக்கம், பழுதானது வலப்பக்கம் என்று எடுத்துச்சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். உலர்ந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலேகால் என்று நாள்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.